வசனம் இல்லை

பிரம்மநாயகம் பிள்ளை ஒரு தமிழ்ப் படத்துக்கு விமர்சனம் எழுதப் பதினோரு நாள் எடுத்துக்கொள்வார். படம் எடுத்தவர்களே இத்தனை நாள் யோசித்திருப்பார்களா என்று அவர் மனைவி கோமதியம்மாள் கேட்பாள். அவர்கள் யோசித்திருந்தால் நான் எதற்கு உட்கார்ந்து எழுதப்போகிறேன் என்பார் பிள்ளை. அதற்குமேல் அவள் பேச்சை வளர்க்கமாட்டாள். அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

பம்பாய் மாட்டுங்காவில் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோ வேலை. அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இருபது வருஷத்துக்கு மேலாகப் பிறத்தியார் பேச்சை எழுதியே காலம் தள்ளியவர். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது வார்த்தை. யார் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் பிள்ளையின் பென்சில் பின்வாங்காது. ஆனால் அந்த ஆபீஸில் பிள்ளையின் பேச்சை யாரும் கேட்டதில்லை.

1958இல் தலைமைக் குமாஸ்தா இடம் காலியானபோது அது பிள்ளைக்குத்தான் என்று பியூன் வரைக்கும் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் அவரை அறைக்குள் கூப்பிட்டு, எதிரே உட்காரவைத்து, தன் மைத்துனனுக்கு அந்த வேலையைக் கொடுக்கும் கடிதத்தை டிக்டேட் செய்தார். பிள்ளை ஒரு பிழையில்லாமல் எடுத்து, இரண்டு கார்பன் காப்பியோடு டைப் அடித்து, கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டியதையெல்லாம் அன்றிலிருந்து மாட்டுங்காவுக்கும் வி.டி. ஸ்டேஷனுக்கும் நடுவே லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மனசுக்குள் பேசிக்கொண்டே போய்வந்தார். அந்த வருஷம்தான் சினிமா விமர்சனம் எழுதவும் ஆரம்பித்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பம்பாயில் தமிழ்ப் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக் காட்சிதான். மற்ற நேரமெல்லாம் தியேட்டர் இந்திக்கும் இங்கிலீஷுக்கும். மாட்டுங்கா சர்க்கிள் பக்கத்துத் தியேட்டருக்கு மதராஸிலிருந்து படப்பெட்டி வந்தால் வழக்கமாக இரண்டு ஞாயிறு ஓடும். முதல் ஞாயிறு பிள்ளை எழுதுவார். இரண்டாம் ஞாயிறு பார்ப்பார். இதுதான் அவர் சட்டம்.

எழுதுவதென்றால் நிஜமாகவே எழுதுவது. பழைய காலண்டர் அட்டை ஒன்றில் தாளை வைத்து, குறுக்கே ரப்பர் வளையங்களை வரிசையாக மாட்டிவைத்திருப்பார். இருட்டில் ஒரு வரி முடிந்ததும் விரலால் தடவி அடுத்த வளையத்துக்குக் கீழே போய்விடலாம். வரிமேல் வரி ஏறாது. ஊரில் படித்த இங்கிலீஷ் சுருக்கெழுத்தைத் தமிழுக்கு வளைத்து அவரே ஒரு முறை வைத்திருந்தார். பேனா தொடமாட்டார். ஒரு தடவை பேனாவில் மை தீர்ந்தது தெரியாமல் மூன்று ரீல் வெறும் நிப்பால் கீறிவிட்டு வெளியே வந்து பார்த்தவர். அதிலிருந்து இரண்டு முனையும் சீவிய பென்சில்தான். நாயகன் பேசுவது, நாயகி பேசுவது, வேலைக்காரன் தும்முவது வரை எல்லாம் தாளில் ஏறும்.

திங்கள் முதல் வியாழன் வரை காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் கோமதியம்மாள் குடம் நிரப்ப, இவர் சுருக்கெழுத்தை நீட்டி எழுதுவார். வெள்ளியும் சனியும் காட்சி காட்சியாகப் பிரிப்பார். மறு ஞாயிறு கையை மடியில் வைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்ப்பார். திங்கள் நிறை, செவ்வாய் குறை. புதன்கிழமை கடைசிப் பகுதி. அதற்கு ‘இப்படி இருந்திருந்தால்’ என்று தலைப்பு. படம் கோணிய இடத்தில் எப்படி நிமிர்த்தியிருக்கலாம் என்று அதில் சொல்லுவார். மொத்தம் முப்பது ஃபுல்ஸ்கேப் பக்கம். கார்பன் காப்பியைச் சிவப்பு நாடாவில் கோத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, அசலை மதராஸில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்புவார்.

அவர்கள் அதில் ஆறு வரி போடுவார்கள். வாசகர் கடிதப் பகுதியில், ‘பம்பாயிலிருந்து பி. நாயகம்’ என்று. யானையை அனுப்பினால் வாலில் ஒரு மயிரைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்து வருஷத்தில் அறுபது விமர்சனம், அறுபது மயிர். வேறொருவனாக இருந்தால் போங்கடா என்று விட்டிருப்பான். பிள்ளை விடவில்லை. ஒரே ஒரு தடவை, தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை, வெட்டாமல் தன் எழுத்தை அச்சில் பார்த்துவிட வேண்டும். அவருக்குக் குழந்தை இல்லை, நிலபுலன் இல்லை, ஆபீஸில் மேலே போக வழியும் இல்லை. ஆசை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

1963இல் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தீபாவளி மலருக்கு, மதராஸில் ஓடோ ஓடென்று ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தைப் பற்றி வெளியூர்க்காரர் விமர்சனம் ஒன்று வேண்டும், பத்தாம் தேதிக்குள் வந்தால் முழுதாகப் போடப் பார்க்கிறோம் என்று இரண்டு வரி. பிள்ளை அந்தக் கார்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

அந்தப் படத்தின் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. மில்லில் கூலிவேலை செய்யும் அண்ணன், தம்பியைப் படிக்கவைக்கிறான். தம்பி செய்த திருட்டைத் தன்மேல் போட்டுக்கொண்டு ஏழு வருஷம் ஜெயிலுக்குப் போகிறான். திரும்பி வந்தால் தம்பி பெரிய அதிகாரி. வாசலில் நிற்கும் அண்ணனைத் தெரியாதவன் போலப் பார்க்கிறான். அண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்கிறான், வாங்கிக் குடிக்கிறான், சொம்பை வாசல் திண்டில் வைத்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் படம்.

பெட்டி பம்பாய்க்கு ஒரே ஞாயிறுதான் வந்தது. மறு வாரம் ஹைதராபாத் போய்விட்டது. இரண்டாம் தடவை பார்க்காமல் எழுதுவதில்லை என்ற சட்டத்தைப் பிள்ளை முதன்முறையாக மீறினார், தேதி நெருக்கியது. அன்றைக்குத் தியேட்டரில் கடைசிக் காட்சி வந்தபோது திரையில் பேச்சு நின்றுவிட்டது. அதே நேரம் அட்டையில் ஒரு ரப்பர் வளையம் அறுந்தது. பேச்சில்லாத நேரம் நல்லதாய்ப் போயிற்று என்று குனிந்து வேறு வளையம் மாட்டினார். பென்சிலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பேச்சு வரவேயில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, ‘நாலு நிமிஷம். வசனம் இல்லை’ என்று குறித்தார். பக்கத்தில் கோமதியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவளுக்கு ஜலதோஷம்.

வீட்டில் சுருக்கெழுத்தை நீட்டி எழுதும்போது பிள்ளைக்குக் கோபம் வந்தது. பதினாலு ரீல் அவமானத்தைச் சுமந்தவன் வாயைத் திறக்காமல் போவதா? கேட்க வேண்டாமா? நாலு பேர் அறிய எடுத்துச் சொல்ல வேண்டாமா? ‘இப்படி இருந்திருந்தால்’ பகுதியில், அண்ணன் வாசலில் திரும்பி நின்று பேசுவதாக நாலு பக்கப் பேச்சு எழுதினார். அறுபது விமர்சனத்தில் அதுபோல் அவர் கை ஓடினதில்லை.

தீபாவளி மலர் வந்தது. ஆறு வரி.

தியேட்டரில் பிள்ளைக்கு எப்போதும் மறுபக்கத்து நாற்காலியில் உட்காரும் ஒருவர் உண்டு. முகைதீன். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் செருப்புப் பட்டறை. செம்பூரில் இருந்த ஒரு சினிமா ஸ்டுடியோவுக்கு பூட்ஸும் பெல்ட்டும் செய்துகொடுப்பார். ராஜா வேஷக்காரன் போடுவதும் அவர் செருப்புத்தான், பிச்சைக்காரன் போடுவதும் அவர் செருப்புத்தான். பிள்ளை இருட்டில் எழுதுவதை ஐந்து வருஷமாகப் பார்த்துவந்த அவர், வளையம் அறுந்த கதையைக் கேட்டு, தோலில் ஒரு அட்டை தைத்துக்கொண்டுவந்து கொடுத்தார். வளையத்துக்குப் பதில் குறுக்கே மெல்லிய தோல்வார்கள். அறாது.

“அண்ணாச்சி, நம்ம ஸ்டுடியோ சேட்டு அந்த அண்ணன் தம்பி படத்த இந்தியில எடுக்கப் பாக்காரு,” என்றார் ஒருநாள். “கத முழுசும் தெரிஞ்ச ஆளு வேணும்னாரு. நான் உங்க பேரச் சொல்லிட்டேன்.”

உரிமை வாங்கினார்களா, சும்மா சுடுகிறார்களா என்று கேட்கப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. தன் முப்பது பக்கத்தையும் கேட்க ஒருவன் இருக்கிறான் என்பதே காதில் விழுந்தது. மூன்று சனிக்கிழமை, அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போனார். சேட் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வசனகர்த்தா முன்ஷி உருதுவில் எழுதுவார். பிள்ளை தமிழில் வாசிக்க, முகைதீன் இந்தியில் சொல்லுவார். நிறை, குறை என்று பிள்ளை ஆரம்பித்தாலே முன்ஷி கையைக் காட்டிவிடுவார். “ராய் ரெஹ்னே தோ. கஹானி போலோ.” அபிப்பிராயம் இருக்கட்டும், கதையைச் சொல்லு. பத்திரிகைக்காரனுக்குக் கதை வேண்டாம், அபிப்பிராயமும் ஆறு வரிக்குமேல் வேண்டாம். இவனுக்கு அபிப்பிராயமே வேண்டாம். பிள்ளை அதையும் விழுங்கிக்கொண்டார்.

மூன்றாம் சனிக்கிழமை கதை முடிந்து முன்ஷி தாள்களை அடுக்கும்போது பிள்ளை எழுந்து நின்றார். முடிவு சரியில்லை என்றார். தாளைப் பார்க்காமல், நின்ற நிலையிலேயே, அந்த நாலு பக்கப் பேச்சையும் பேசினார். நான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வரவில்லை, நான் கொடுத்தேன் என்று நீ ஒரு தடவை சொல்லிக் கேட்க வந்தேன் என்று தொடங்கி ஒரே மூச்சு. முகைதீன் பின்னாலேயே இந்தியில் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தானும் குரலை உயர்த்தினார். பிள்ளை அப்போது செம்பூரில் நிற்கவில்லை. மேனேஜர் அறையில் நின்றுகொண்டிருந்தார்.

சேட் மேஜையைத் தட்டினார். இதுதான் வேண்டும் என்றார். பணம் எடுத்தபோது பிள்ளை மறுத்துவிட்டார். பேர் போடவும் வேண்டாம் என்றார். அந்தப் பேச்சில் ஒரு வரிகூட வெட்டாமல் வைத்தால் போதும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சேட் முகைதீனின் முதுகில் தட்டி, நல்ல ஆளைக் கொண்டுவந்தாய் என்றார்.

1965இல் இந்திப் படம் வெளிவந்தது. முதல் நாள் மாலைக் காட்சிக்குப் பால்கனியில் இரண்டு பாஸ் முகைதீன் கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளை அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொள்ளவில்லை. தன் பேச்சைத் தானே எதற்கு எழுத வேண்டும்? கோமதியம்மாள் கல்யாணத்துக்குப் போகிற பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

சேட் வாக்குத் தவறவில்லை. உலகத்திலேயே பிள்ளையின் எழுத்தை வெட்டாமல் வைத்தவர் அவர் ஒருவர்தான். அண்ணன் வாசலில் திரும்பி நின்று பேச ஆரம்பித்தான். முதல் நிமிஷம் தியேட்டர் கேட்டது. இரண்டாம் நிமிஷம் யாரோ கொட்டாவி விட்டார்கள். மூன்றாம் நிமிஷம் கீழ் வகுப்பில் நாற்காலிகள் படபடவென்று மடங்கும் சத்தம். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எழுந்துவிட்டார்கள். திரையில் அண்ணன் அழுதான், நெஞ்சில் அடித்துக்கொண்டான், பேசினான். “பஸ் கர் யார்,” என்று ஒரு குரல். போதும் விடப்பா என்றதும் தியேட்டர் முழுக்கச் சிரிப்பு.

பிள்ளை கோமதியம்மாள் பக்கம் திரும்பவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“தமிழ்ல அந்த ஆளு தண்ணியக் குடிச்சிட்டு, சொம்ப வைக்க எடம் பாத்தாம்லா. தம்பி வீட்டுத் திண்டுல அழுக்குப் பட்டுரக் கூடாதுன்னு சொம்பு அடிய வேட்டி முனையால தொடச்சிட்டு வச்சான். அதுலதான் எனக்கு அழுக வந்துட்டு.”

“எப்ப தொடச்சான்?”

“நீங்க பாக்கலியா?” என்றாள் அவள். “பக்கத்துலதான இருந்திய.”

பார்க்கவில்லை. ரப்பர் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் அன்று அழுததைக்கூட ஜலதோஷம் என்று நினைத்திருந்தார். பேச்சை எழுதியே பழகின மனுஷனுக்குப் பேச்சில்லாத இடம் ஓட்டையாகத் தெரிந்திருக்கிறது. அந்த ஓட்டையில் தன் குப்பையைக் கொட்டி நிரப்பியிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் இன்னொருவன் வாயைக் கடன் வாங்கிக் கெட்டார்.

மறுநாள் காலை தண்ணீர் வருமுன்பே உட்கார்ந்து விமர்சனம் எழுதினார். பதினோரு நாள் பிடிக்கவில்லை. குறிப்பு இல்லை, பிரிப்பு இல்லை, இரண்டாம் பார்வை இல்லை. குழாய் நின்றபோது எட்டுப் பக்கமும் முடிந்திருந்தது. இந்தப் பேச்சை எழுதியவன் மனிதனின் வாயைப் பார்த்திருக்கிறான், முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினார். தன் மனப்புழுக்கத்தை அண்ணன் தலையில் கட்டியிருக்கிறான் என்றும் எழுதினார். கடைசியில் வழக்கம்போல் ‘இப்படி இருந்திருந்தால்’ என்று தலைப்புப் போட்டு, அதன்கீழே, இந்த முடிவைச் சொல்லிக்கொடுத்தவன் வேறு யாருமில்லை, இதை எழுதுகிற நான்தான், தமிழ்ப் படத்தின் கடைசி நாலு நிமிஷத்தை நான் பார்க்கவில்லை, படம் எடுத்தவர்களிடமும் அவர்களிடம் என்னைக் கூட்டிப்போன நண்பரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார்பன் காப்பியை நாடாவில் கோத்தார். அசலைத் தபாலில் சேர்த்தார்.

மூன்றாம் வாரம் மார்க்கெட் பக்கத்துப் பத்திரிகைக் கடையில் நின்றபடி புரட்டினார். இரண்டு முழுப் பக்கம். கொட்டை எழுத்தில் பேர். ‘வாயைப் பார்த்தவன்’ என்று தலைப்பு. வரி வரியாக விரலை வைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் இருந்தது. கடைசிப் பகுதி மட்டும் இல்லை. அந்த இடத்தில் கூந்தல் தைல விளம்பரம்.

ஆசிரியர் கார்டும் அன்றே வந்தது. இதுவரை நீர் எழுதியதில் இதுதான் விமர்சனம், அந்த வசனகர்த்தாவை வாங்குவாங்கென்று வாங்கிவிட்டீர், கடைசிப் பாராவை இடமின்மையால் எடுத்துவிட்டோம், சொந்த விஷயம் வாசகர்களுக்குச் சுவைக்காது, தொடர்ந்து எழுதும். எதிர்வீட்டு ஆறுமுகநயினார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். பிள்ளை அன்று சாப்பிடவில்லை. எத்தனை வருஷம் கேட்டு நின்ற வரம், கொடுத்த சாமி ஒரு விரல் அளவு வெட்டிக்கொண்டு கொடுத்தது. அந்த விரல் அளவில்தான் அவருடைய மானம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முகைதீன் வந்தார். தியேட்டருக்குப் புறப்படும் நேரம். உள்ளே வாங்க என்று கோமதியம்மாள் கூப்பிட்டும் வாசலிலேயே நின்றார். கையில் பத்திரிகை. சத்தம் போடவில்லை.

“சைனப்புதான் வாசிச்சுக் காட்டுனா அண்ணாச்சி,” என்றார். சைனப் அவர் மனைவி. “ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னேன். எழுதுனவன் வாயத்தான் பாத்தான், மொகத்தப் பாக்கலன்னு போட்டிருக்கிய. சொன்னது நீங்கள்லா. நான்தான பக்கத்துல நின்னு அவங்க பாஷையில சொன்னேன்.”

ஸ்டுடியோவில் தமிழ் தெரிந்த மேக்கப்காரன் ஒருவன் கேன்டீனில் வைத்து இதை எல்லாருக்கும் படித்துச் சொல்லியிருக்கிறான். தின்ன தட்டில் துப்புகிறவனைக் கூட்டிக்கொண்டு வந்தாயே என்று சேட் கேட்டிருக்கிறார். இனிமேல் பூட்ஸ் கொண்டுவர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இதையெல்லாம் முகைதீன் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார், ஏற்ற இறக்கமில்லாமல்.

பிள்ளை டிரங்குப் பெட்டியைத் திறந்து கார்பன் காப்பியை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். நான் எழுதினேன், அவர்கள் வெட்டிவிட்டார்கள். சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. வாய் வரவில்லை.

முகைதீன் தாளை வாங்கவில்லை. “அச்சுன்னாலே நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கையெழுத்து எனக்கு எங்க புரியப்போவுது?” என்றார். “வாரேன் அண்ணாச்சி.”

படியிறங்கும் சத்தம் கேட்டு நின்றது.

“ஒத்த வார்த்த சொல்லியிருக்கலாம்லா,” என்றாள் கோமதியம்மாள். “அன்னைக்கு அத்தன பேரு முன்னால அம்புட்டுப் பேசுனியளே.”

பிள்ளை தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனார். கீழே தெருவைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் முகைதீன் நின்றுகொண்டிருந்தார். பத்திரிகையை நாலாக மடித்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துப் பார்த்தார், கொள்ளவில்லை, மறுபடி கையிலேயே பிடித்துக்கொண்டார். பஸ் வர நேரமாயிற்று. வரும்வரை பிள்ளை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகைதீன் ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.